மெட்டல் டிடெக்டர்: எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது?



விமான நிலையச் சோதனை வாசலைக் கடக்கும்போது சத்தம் வந்தால், காவலர் முதலில் கேட்பது இடுப்பு வாரைப் பற்றித்தான். வார், சாவிக்கொத்து, சட்டைப் பையில் மறந்துபோன சில்லறைக் காசு, இவற்றைத் தட்டில் போட்டுவிட்டு மறுபடி நடந்தால் சத்தம் இருக்காது. பயணி தன் வழியே போய்விடுவார். இங்கே தவறான சத்தத்தினால் ஏற்படும் இழப்பு அரை நிமிடம். கொஞ்சம் எரிச்சல்.

அதே கருவி, அதே விஞ்ஞானம், இலங்கையின் வடக்கே முகமாலையில் வேறு வேலை செய்கிறது. 2002இல் போர் நிறுத்தம் வந்த பிறகு கொழும்பிலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாக யாழ்ப்பாணம் போய் வந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். அங்கேதான் இரு தரப்பின் சோதனைச் சாவடிகளும் எதிரெதிரே இருந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆனால் இரு தரப்பும் புதைத்த மிதிவெடிகள் தென்னந்தோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. அவற்றை எடுக்கும் வேலையில் ஈடுபட்டவர்களில் பலர் பெண்கள். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. கருவி சத்தம் போடும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் மண்டியிட்டு, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். கருவி சத்தம் போடத் தவறினால் ஒரு கால் போகும், அல்லது உயிரே போகும்.

ஆகவே இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது, எங்கே தடுமாறுகிறது, எப்படி மேம்படலாம் என்று பார்ப்பது வீண் பேச்சாகாது.

அதிபரின் கட்டில்

இதன் கதை ஒரு துப்பாக்கிச் சூட்டில் தொடங்குகிறது. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கியது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உதவிக்கு வந்தார். கம்பிச் சுருள்களையும் தொலைபேசியின் காதுப் பகுதியையும் இணைத்து, உலோகத்தின் அருகே கொண்டு போனால் ஒலி எழுப்பும் ஒரு கருவியைச் செய்தார்.

கருவி வேலை செய்தது. ஆனால் அதிபரின் உடல்மீது அதைக் கொண்டு போனபோது குழப்பமான ஒலிகள்தான் கேட்டன. அவர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதுமட்டுமன்று. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய தலைமை மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19ஆம் தேதி அதிபர் இறந்தார். கருவி சரியாக இருந்தாலும் சுற்றியிருக்கும் வேண்டாத உலோகமும், தேடுபவரின் முன்முடிவும் அதைத் தோற்கடித்துவிடும். 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரண்டு சிக்கல்களும் தீர்ந்தபாடில்லை.

போர்க்களத்தில் தூக்கிச் செல்லத்தக்க கண்ணிவெடி உணர்கருவியை உருவாக்கியவர் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்துப் படை அதிகாரி. தாய்நாட்டை ஜெர்மனி பிடித்துக்கொண்டதால் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த அவர், 1941-42 குளிர்காலத்தில் அதைச் செய்து முடித்தார். காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் படைக்கே கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள அந்தக் கருவிகளில் 500, 1942 அக்டோபரில் எல் அலமேன் போரில் பாலைவனக் கண்ணிவெடிகளைத் தேடப் பயன்பட்டன. கருவியின் அடிப்படை இன்றும் அதுவேதான். எடையும் மின்னணுச் சுற்றும்தான் மாறியிருக்கின்றன.

தட்டிப் பார்த்துக் கேட்பது

அந்த அடிப்படையை எளிதாகச் சொல்லிவிடலாம். கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடும்போது, சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் தரைக்குள் இறங்குகிறது. வழியில் ஓர் உலோகத் துண்டு இருந்தால், 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிப்படி, அதற்குள்ளும் சிறிய மின்னோட்டம் சுழலத் தொடங்கும். சுழலும் அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்புகிறது. தட்டிலுள்ள இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொண்டால், காதில் மாட்டிய கேட்பொறியில் சத்தம் கேட்கிறது.

வேறொரு வகைக் கருவி, மின்சாரத்தை ஒரு துடிப்பாக அனுப்பிச் சட்டென நிறுத்திவிடும். நிறுத்திய பிறகு மண்ணுக்குள்ளிருந்து வரும் எதிரொலி எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று கேட்கும். பலாப்பழத்தை விரலால் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதே முறைதான். தேய்வதற்கு ஆகும் நேரம் மட்டும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்குகள்.

கருவி கேட்பது மின்சாரம் கடத்தும் பொருளை மட்டுமே என்பது இதிலிருந்து புரியும். வெடிமருந்தை அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக், பீங்கான், மரம் எதுவும் தெரியாது. விமான நிலையங்களில் உலோக வாசலோடு நிறுத்திக்கொள்ளாமல் வேறு வகை உடல் சோதனைக் கருவிகளும் வந்ததற்கு அதுதான் காரணம்.

கண்ணிவெடி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். இரண்டாம் உலகப் போர் காலத்துக் கண்ணிவெடிகளில் உலோகம் நிறைய இருந்தது. பின்னால் வந்தவற்றில் உடல் முழுக்கப் பிளாஸ்டிக். அடிக்கும் ஊசியும் வெடிப்பைத் தொடங்கும் சிறு குப்பியும் மட்டும் உலோகம். இரண்டும் சேர்ந்து ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கலாம். வன்னியில் புதைக்கப்பட்டவற்றில் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்யப்பட்ட பிளாஸ்டிக் வகைகள் உண்டு. விடுதலைப் புலிகள் உள்ளூரிலேயே மரப்பெட்டியில் செய்தவையும் உண்டு.

ஒரு கிராம் உலோகம்தானே, கருவியின் சக்தியைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. சிறிய பொருள் ஆழத்தில் கிடக்கும்போது, தொலைவு இரண்டு மடங்கானால் அதை அடையும் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அது திருப்பி அனுப்பும் புலமும் மேலே வருவதற்குள் மறுபடி எட்டில் ஒரு பங்காகும். ஆக, சுருளுக்கு வந்து சேர்வது 64இல் ஒரு பங்கு. 10 செண்டிமீட்டரில் தெளிவாகக் கேட்ட ஊசி, 20 செண்டிமீட்டரில் முணுமுணுப்பாகக்கூடக் கேட்காமல் போவது இதனால்தான். பெரிய சுருளைப் பொருத்தினால் ஆழம் கூடும். ஆனால் சிறு பொருளைப் பிடிக்கும் கூர்மை குறையும். பல நாடுகளின் கண்ணிவெடி அகற்றும் விதிகளில் 13 செண்டிமீட்டர் ஆழம்வரை துப்புரவாக்க வேண்டும் என்று வைத்திருப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன், குறிப்பிட்ட ஆழத்தில் வைத்த ஒரு சோதனைத் துண்டைக் கருவி கேட்கிறதா என்று பணியாளர் பார்த்துக்கொள்கிறார். கேட்காவிட்டால் அந்தக் கருவிக்கு அன்று வேலை இல்லை.

செம்மண்ணும் தங்கமும்

சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தானா மேரா என்று ஓர் இடம் இருக்கிறது. கிளந்தானிலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. மலாயில் அதன் பொருள் செம்மண். வெப்ப மண்டலத்தில் மண் சிவப்பாக இருப்பதற்கு அதிலுள்ள இரும்புச் சேர்மங்களே காரணம். அவற்றுள் சில காந்தத்தன்மை உடையவை. உலோகமே இல்லாத மண் கருவிக்குச் சத்தம் கொடுப்பது இப்படித்தான். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் கண்ணிவெடி தேடியவர்கள் பட்ட பெரிய தொல்லைகளில் இதுவும் ஒன்று. சத்தம் தாங்காமல் கருவியின் கூர்மையைக் குறைத்தால், ஒரு கிராம் ஊசியும் சேர்ந்தே காணாமல் போகும்.

இதற்கு ஒரு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களிலும் இரும்புச் செம்மண்தான். 1980இல் விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவர் என்ற சிற்றூரில் ஒருவர் மெட்டல் டிடெக்டரால் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டுபிடித்தார். பிறகு அங்கே தங்க ஆசை பிடிக்காதவர்கள் குறைவு. அடிலெய்டு நகரின் மைன்லேப் போன்ற நிறுவனங்கள், மண்ணின் சத்தத்தைத் தள்ளிவிட்டுத் தங்கத்தின் சத்தத்தை மட்டும் பிடிக்கும் முறைகளில் இறங்கின. மண்ணின் எதிரொலி ஒரு விதமாகத் தேயும், உலோகத்தின் எதிரொலி வேறு விதமாகத் தேயும். ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்களில் அளந்து, மண்ணின் பங்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது உலோகம். தங்கம் தேட உருவான அந்த அறிவு, அதே நிறுவனத்தின் கண்ணிவெடிக் கருவிகளுக்குள்ளும் வந்தது. பேராசை சில சமயம் நல்ல வேலையும் செய்துவிடுகிறது.

இருந்தாலும் கழித்தலில் ஓர் ஓட்டை உண்டு. மண்ணைப் போலவே தேயும் எதிரொலியைத் தரும் உலோகத் துண்டு ஏதும் இருந்தால், மண்ணோடு சேர்ந்து அதுவும் கழிந்துபோகும். ஆகவே எந்தக் கருவியையும் தொழிற்சாலைச் சான்றிதழை மட்டும் வைத்து நம்புவதில்லை. எந்த மண்ணில் தேடப் போகிறார்களோ அந்த மண்ணில், எந்தக் கண்ணிவெடியைத் தேடுகிறார்களோ அதன் செயலற்ற மாதிரியைப் புதைத்துச் சோதிக்க வேண்டும்.

காந்த மண்ணைவிடப் பெரிய தொல்லை குப்பை. போர்முனையாக இருந்த நிலத்தில் துப்பாக்கிக் குண்டு, எறிகணைச் சிதறல், முள்கம்பி, தகர டப்பா எல்லாம் கிடக்கும். ஒரு கண்ணிவெடிக்கு நூற்றுக்கணக்கான குப்பைச் சத்தங்கள் வருவது சாதாரணம். ஒவ்வொன்றையும் கண்ணிவெடி என்றே எண்ணி, பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்டிப் போக வேண்டும். ஐந்நூறாவது முறையும் ஆணியே வரும்போது, ஐந்நூற்று ஒன்றாவது முறை கை அவசரப்படாமல் இருக்க வேண்டும். கருவியைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடும் சிரமம் இது.

யாழ் குடாநாட்டின் இளகிய மண்ணில் இதற்கு வேறொரு முறை கையாளப்பட்டது. நார்வே நாட்டின் தொண்டு நிறுவனம் ஒன்று இலங்கையில் உருவாக்கிய முறை அது. நீண்ட காம்புடைய இரு வகை வாரிகளால் மேல் மண்ணை ஓர் ஓரத்திலிருந்து மெல்ல வாரிக்கொண்டே வந்து, புதைந்திருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. மின்கலமும் இல்லை, சத்தமும் இல்லை. தோட்டத்தில் சருகு வாரும் கருவியின் உறவினர் என்றே சொல்லலாம். மின்னணுக் கருவி தடுமாறும் இடத்தில் அது பல ஆயிரம் மிதிவெடிகளை எடுத்துக் காட்டியது. புதிய தொழில்நுட்பத்தை மெச்சுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வெறும் பிளாஸ்டிக் பெட்டி

மேம்பாடு என்ற பெயரில் நடந்த மோசடி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது மலேசிய எல்லையை ஒட்டியே நடந்தது. தெற்குத் தாய்லாந்தில் வெடிகுண்டு தேடுவதற்காக ஜிடி200 என்ற கருவியைப் படையினர் பயன்படுத்தினர். பிரிட்டனிலிருந்து வாங்கிய கருவி. ஒன்றின் விலை ஒரு மில்லியன் பாட் அளவில் இருந்தது. ஒரு கைப்பிடி, அதில் ஆடும் ஒரு கம்பி. வெடிமருந்து இருக்கும் திசைக்குக் கம்பி திரும்புமாம். மின்கலமே வேண்டாம், கையிலுள்ள மின்சாரமே போதுமாம்.

2009 அக்டோபரில் சுங்கை கோலோக்கில் இந்தக் கருவியால் சோதிக்கப்பட்டும் சிக்காத கார் ஒன்று வெடித்தது. 2010இல் தாய்லாந்தின் அறிவியல் அமைப்பு முறையான சோதனை நடத்தியது. நான்கு பெட்டிகளில் ஒன்றில் வெடிமருந்து, எதில் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. 20 முறை தேடியதில் 4 முறைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினால்கூட 5 முறை சரியாக வரக்கூடும். உள்ளே பார்த்தால் எதுவும் இல்லாத பெட்டி. கம்பி தங்கள் பக்கம் திரும்பியதற்காகவே அதற்கு முன் பிடித்துச் செல்லப்பட்ட கிராமவாசிகள் இருந்தனர். அதைத் தயாரித்த கேரி போல்டனுக்கு 2013இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் 7 ஆண்டுச் சிறை விதித்தது. ஏடிஇ 651 என்ற இதே வகைக் கருவியை ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு அதே ஆண்டு 10 ஆண்டு கிடைத்தது. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அந்தக் கருவியை நம்பி வாகனங்கள் அனுப்பப்பட்டன.

உண்மையான முன்னேற்றம் எங்கே?

முதலாவது, இரட்டைக் கருவி. உலோக உணர்கருவியோடு தரையை ஊடுருவும் ரேடாரையும் ஒரே கோலில் பொருத்துவது. உலோகச் சுருள் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொன்னதும், ரேடார் அதன் அளவைப் பார்க்கிறது. வெறும் ஆணியா, ஊசியைச் சுற்றிக் கைப்பிடி அளவு பிளாஸ்டிக் பெட்டியும் இருக்கிறதா என்று தெரிந்தால், தோண்ட வேண்டிய குழிகள் வெகுவாகக் குறையும். ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மோத்தோயுக்கி சாத்தோவின் குழு உருவாக்கிய ஆலிஸ் என்ற கருவி, புதைந்திருப்பதைப் படமாகவே திரையில் காட்டுகிறது. கம்போடியாவில் அது களத்தில் இறங்கியது. 2023 ஜனவரியில் உக்ரேனியப் பணியாளர்கள் கம்போடியாவுக்கு வந்து அதில் பயிற்சி பெற்றனர். கண்ணிவெடியால் பல்லாண்டு துன்பப்பட்ட ஒரு நாடு ஐரோப்பியர்களுக்கு ஆசிரியராக அமர்ந்தது. ஆனால் ஈரக் களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் ரேடார் அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். விலையும் சாதாரணக் கருவியைவிட அதிகம்.

இரண்டாவது, உலோகத்தின் அடையாளத்தைப் படிப்பது. ஒரே அலைவரிசைக்குப் பதிலாகப் பல அலைவரிசைகளில் தட்டிப் பார்த்தால், தோட்டாவுக்கும் ஊசிக்கும் தகர மூடிக்கும் எதிரொலி வெவ்வேறு விதமாக அமையும். அவற்றைக் கணினியில் சேர்த்து வைத்து ஒப்பிடலாம். இந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகம். அதற்கு நிதி தந்தது 2011இல் பாபி சார்ல்டன் தொடங்கிய தொண்டு அமைப்பு. 1966 உலகக் கிண்ணம் வென்ற அதே மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்தான். கம்போடியாவில் கால் இழந்த பிள்ளைகளைக் கண்டபின் அந்த வேலையில் இறங்கிய அவர் 2023இல் காலமானார். நம் ஊர்க் காப்பிக் கடைகளில் அவரது கோல்களைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இதைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

கணினி அடையாளம் சொல்லும்போது ஒரு கவலையும் வருகிறது. கைத்தொலைபேசியில் முகத்தை அடையாளம் காண்பது நூற்றுக்கு 97 முறை சரியாக இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கண்ணிவெடி அகற்றுவதில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்த அளவுகோல் 99.6 விழுக்காடு. "இது குப்பை, தோண்ட வேண்டாம்" என்று இயந்திரம் சொல்வதை ஏற்கும் துணிச்சல் யாருக்கு வரும்? அந்த நிலத்தில் பிறகு நடக்கப் போவது பொறியாளர் அல்லர். ஆகவே இப்போதைக்கு இந்த முறைகள் எந்தச் சத்தத்தை முதலில் பார்ப்பது, எங்கே கூடுதல் கவனம் என்று சொல்லவே பொருத்தமானவை.

மூன்றாவது வழி, உலோகத்தை விட்டுவிட்டு வெடிமருந்தையே தேடுவது. வெடிமருந்தில் நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட வானொலி அலையால் தட்டினால் அவற்றின் கருக்கள் பதில் கொடுக்கும். ஒவ்வொரு வெடிமருந்துக்கும் பதில் வேறு வேறு என்பதால் ஏமாற இடம் குறைவு. சிக்கல் என்னவென்றால் பதில் மிக மெல்லியது. ஆர்டிஎக்ஸ் ஓரளவு நன்றாகப் பதில் சொல்லும். கண்ணிவெடிகளில் மிகுதியாக உள்ள டிஎன்டி மெதுவாகவும் மங்கலாகவும்தான் சொல்லும்.

இதில் மனிதனை முந்திக்கொண்டது ஓர் எலி. தான்சானியாவில் பயிற்சி பெற்ற மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெருச்சாளி, கம்போடியாவில் வெடிமருந்தின் வாசனையைப் பிடித்து 100க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் காட்டிக்கொடுத்தது. 2020இல் பிரிட்டிஷ் விலங்கு நல அமைப்பு அதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2022 ஜனவரியில் அது இறந்தது. ஏறக்குறைய ஒரு கிலோ எடை என்பதால் கண்ணிவெடிமேல் நடந்தாலும் வெடிக்காது. பழைய ஆணியை அது சட்டை செய்வதும் இல்லை. டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவருக்கு அதே நிலம் நான்கு நாள்வரை ஆகலாம். ஆனால் எலி காட்டிய இடத்தை உறுதி செய்யப் பிறகு வருபவர் கையில் இருப்பது மெட்டல் டிடெக்டரேதான்.

2025இல் சில ஐரோப்பிய நாடுகள் கண்ணிவெடித் தடை உடன்பாட்டிலிருந்து விலக முடிவெடுத்தன. புதிதாகப் புதைக்கப்படுபவற்றையும் ஒருநாள் யாரோ தேட வேண்டியிருக்கும். இலங்கை 2017 டிசம்பரில் அதே உடன்பாட்டில் சேர்ந்தது. நிலம் முழுவதையும் துப்புரவாக்க அதற்குக் கிடைத்த கெடு 2028 ஜூன்.